ஃபைப்ரோமயால்ஜியாவோடு பல் துலக்குவது: மென்மையான பேஸ்ட், பிரஷ், மவுத்வாஷ் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

உடம்பு முழுக்க நாள்பட்ட வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியா என்று டாக்டர் சொன்ன பிறகு மாத்திரையைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் உடற்பயிற்சியைப் பற்றியும் யாராவது ஒருவர் விளக்கிவிடுவார். பல் துலக்குவதைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பது அபூர்வம். ஆனால் எங்களில் நிறையப் பேருக்குக் காலையில் எழுந்ததும் வலிக்கிற முதல் வேலையே அதுதான். பிரஷைப் பிடித்தால் விரல் வலிக்கும். கையைத் தூக்கியே வைத்திருப்பதில் தோள் கடுக்கும். வாயை அகலத் திறந்தால் தாடை பிடித்துக்கொள்ளும். பேஸ்ட் பட்ட இடமெல்லாம் எரியும். இவற்றில் ஏதோ ஒன்று உங்களுக்கும் இருக்கலாம்.

நான் பல் டாக்டர் இல்லை. இந்த நோயோடு வாழ்கிறவள். இப்போதுதான் நோய் கண்டறியப்பட்டு, கடை அலமாரி முன்னால் எந்த டியூபை எடுப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எதை வாங்கினாலும் உங்கள் மோசமான நாளை மனதில் வைத்து வாங்குங்கள். நல்ல நாளில் எல்லா பிரஷும் சரியாகத்தான் இருக்கும். உடம்பு முழுக்க வலித்து, எழுந்து நிற்கவே முடியாத ராத்திரியில் எந்தப் பொருளைக் கையில் எடுக்க மனம் வருமோ அதுதான் உங்களுக்கான பொருள். இன்னொன்று, மென்மையானதைத் தேடுகிற அவசரத்தில் ஃப்ளூரைடை விட்டுவிடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் எங்கே வலிக்கிறது என்று பாருங்கள்

ஃபைப்ரோமயால்ஜியாவில் மூளையும் தண்டுவடமும் வலியைக் கையாளும் விதம் மாறிவிடுகிறது. மற்றவர்களுக்குச் சாதாரண அழுத்தமாகத் தெரிவது நமக்கு வலியாகத் தெரியும். வாசனை, சத்தம், வெளிச்சம், சூடு, குளிர் எல்லாமே கூடுதலாக உறைக்கலாம். வாய் நரம்புகள் நிறைந்த இடம், அதனால் அங்கேயும் இது தெரியும். அதோடு தாடை மூட்டுக் கோளாறு, வாய் உலர்வு, வாய் எரிச்சல் ஆகியவையும் இந்த நோயோடு சேர்ந்து வருவது உண்டு.

ஆனால் "வாய் வலிக்கிறது" என்ற ஒரே வரியை வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் தவறான பொருளோடுதான் திரும்புவோம். ஒரு வாரம் கவனியுங்கள். பேஸ்ட் இல்லாமல் வெறும் தண்ணீரில் துலக்கினால் எரிச்சல் குறைகிறதா? அப்படியானால் பிரச்சினை பேஸ்டில் இருக்கிறது. பேஸ்ட் இல்லாமலும் ஈறு வலிக்கிறதா? பிரஷையும் நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தையும் பாருங்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் ஒரு குறிப்பிட்ட பல் சுரீர் என்கிறதா? அது பல் கூச்சமாகவோ சொத்தையாகவோ இருக்கலாம். காலையில் எழும்போதே தாடையும் நெற்றிப்பொட்டும் வலிக்கிறதா? தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களோ என்று சந்தேகப்படலாம். ராத்திரி எழுந்து எழுந்து தண்ணீர் குடிக்கிறீர்களா? வாய் உலர்வு. இதையெல்லாம் போனில் இரண்டு வரி குறித்து வைத்தால் போதும். மூளை மந்தமாக இருக்கும் நாட்களில் ஞாபகத்தை நம்ப முடியாது.

அடுத்து மாத்திரைப் பட்டியலை எடுங்கள்

இதைப் பலரும் தவற விடுகிறார்கள். ஃபைப்ரோமயால்ஜியாவுக்குக் கொடுக்கும் மருந்துகள் பலவற்றுக்கும் வாய் உலர்வு ஒரு பக்கவிளைவு. அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின், சைக்ளோபென்சாப்ரின், டுலாக்ஸெடின், மில்னாசிப்ரான், ப்ரீகாபலின், ட்ரமடால் எல்லாமே இதில் அடங்கும். டுலாக்ஸெடின் வகை மாத்திரைகள் சிலருக்குப் பல்லைக் கடிக்கும் பழக்கத்தையும் தூண்டிவிடும்.

உமிழ்நீர் பல்லில் ஒட்டும் அமிலத்தைக் கழுவி, கரைந்துபோன தாதுக்களைத் திரும்பப் பல்லின் கெட்டியான மேலடுக்கான எனாமலில் சேர்க்கிறது. அது குறைந்தால் சொத்தை வேகமாக வரும், முக்கியமாக ஈறோரத்தில். அதனால்தான் ஃப்ளூரைடை விடாதீர்கள் என்றேன். வாய் உலர்வு உள்ளவருக்கு ஃப்ளூரைடு மற்றவர்களைவிட அதிகமாகவே தேவைப்படுகிறது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் வாய் உலர்வைச் சொல்லுங்கள். அளவையோ நேரத்தையோ மாற்ற அவருக்கு வழி இருக்கலாம்.

பேஸ்ட்: அட்டையின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள்

பேஸ்டுக்குத்தான் நிறைய யோசிக்க வேண்டும், அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன். முன்பக்கத்தில் "மென்மை", "இயற்கை", "சென்சிட்டிவ்" என்று எதை வேண்டுமானாலும் அச்சிடலாம். உண்மை பின்பக்கத்துப் பொருள் பட்டியலில் இருக்கிறது. எழுத்து சின்னதாக இருந்தால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

முதலில் தேட வேண்டியது ஃப்ளூரைடு. சோடியம் ஃப்ளூரைடு, சோடியம் மோனோஃப்ளூரோபாஸ்பேட், ஸ்டானஸ் ஃப்ளூரைடு என்ற மூன்றில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். பெரியவர்களுக்கான சாதாரண பேஸ்டில் 1000 முதல் 1500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) வரை இருப்பது வழக்கம். 1450 என்று போட்டிருந்தால் நல்லது. வாய் மிகவும் உலர்ந்து அடிக்கடி சொத்தை வருகிறவர்களுக்குப் பல் டாக்டர் 2800 அல்லது 5000 பி.பி.எம். பேஸ்ட் எழுதிக் கொடுப்பார். அதை நாமாக வாங்கிப் பயன்படுத்தக் கூடாது.

அடுத்தது சோடியம் லாரில் சல்ஃபேட், சுருக்கமாக எஸ்.எல்.எஸ். நுரை வருவதற்காகச் சேர்ப்பது. நுரைக்கும் சுத்தத்துக்கும் பெரிய தொடர்பு இல்லை. இது வாயின் உள்தோலை உலர்த்தி எரிச்சலூட்டும். சிலருக்கு மெல்லிய தோல் உரிந்து வெள்ளை இழையாக வரும். அடிக்கடி வாய்ப்புண் வருகிறவர்களுக்கு எஸ்.எல்.எஸ். இல்லாத பேஸ்டுக்கு மாறியபோது புண் குறைந்ததாக ஆய்வுகள் உண்டு. வாய் எரிகிறது என்றால் நான் முதலில் மாற்றச் சொல்வது இதைத்தான். எஸ்.எல்.எஸ். இல்லாத பேஸ்டில் நுரை குறைவாக வரும். ஆரம்பத்தில் துலக்கின திருப்தியே இருக்காது, அப்புறம் பழகிவிடும். அதற்குப் பதிலாகக் கோகமிடோப்ரோபைல் பீட்டேன் போன்ற மென்மையான நுரைப்பொருளைச் சேர்ப்பார்கள். பெரும்பாலோருக்கு அது ஒத்துக்கொள்ளும். அபூர்வமாகச் சிலருக்கு அதுவே அலர்ஜியாகும்.

மூன்றாவது சுவை. எரிச்சலுக்குப் புதினாதான் காரணமாக இருக்கும் என்று நாம் யோசிப்பதே இல்லை, ஏனென்றால் பெரும்பாலான பேஸ்டில் அது இருக்கிறது. மென்தால் குளிர்ச்சி போலத் தெரிந்தாலும் அது நரம்பைத் தூண்டித்தான் அந்த உணர்வைத் தருகிறது. கூருணர்வுள்ள வாயில் அதுவே எரிச்சலாகும். இலவங்கப்பட்டைச் சுவை இன்னும் மோசம். ஈறையும் உதட்டோரத்தையும் சிவக்க வைக்கும் ஒவ்வாமைக்கு அது பேர்போனது. கிராம்பு எண்ணெயும் காரம்தான், வலிக்கும் பல்லில் அதை நேரடியாகத் தடவினால் ஈறு புண்ணாகலாம். சுவையே இல்லாத பேஸ்ட் என்று தனியாகக் கிடைக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்கள், சுவை கூடுதலாக உறைப்பவர்கள் போன்றோருக்காக வந்தவை அவை. ஃபைப்ரோமயால்ஜியாக்காரர்களுக்கும் அருமையாகப் பொருந்தும். கிடைக்காவிட்டால் பழச்சுவை உள்ள பேஸ்டைப் பாருங்கள். குழந்தைகள் பேஸ்டை எடுப்பதானால் ஃப்ளூரைடு அளவைக் கட்டாயம் பாருங்கள். சின்னக் குழந்தைகளுக்கானவற்றில் பெரியவர்களுக்குப் போதாத அளவு இருக்கக்கூடும்.

நான்காவது உராய்வு. பேஸ்ட் பல்லை எவ்வளவு தேய்க்கும் என்பதற்கு ஆர்.டி.ஏ. என்ற அளவு உண்டு. 250 வரை அனுமதிக்கப்படுகிறது. 70-க்குக் கீழே இருந்தால் குறைந்த உராய்வு என்று எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் டியூபில் இதைப் போட மாட்டார்கள். தயாரிப்பாளரின் தளத்தில் தேடலாம், அல்லது எழுதிக் கேட்கலாம். அந்த அலைச்சலுக்குத் தெம்பில்லையா? சரி, வெண்மையாக்கும் பேஸ்டையும் கரித்தூள் பேஸ்டையும் எடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. கரித்தூள் பேஸ்ட் பலவற்றில் ஃப்ளூரைடும் இருப்பதில்லை. பெராக்சைடு சேர்த்த வெண்மையாக்கும் பொருள்கள் பல் கூச்சத்தை அதிகமாக்கும். வலி அமைப்பே கூர்மையாகிப்போன உடம்புக்கு அதை ஏன் கொடுக்க வேண்டும்?

பல் கூச்சத்துக்கான பேஸ்டுகள் இரண்டு விதம். பொட்டாசியம் நைட்ரேட் உள்ளவை பல்லுக்குள் இருக்கும் நரம்பை அமைதிப்படுத்தும். ஸ்டானஸ் ஃப்ளூரைடு, அர்ஜினைன், கால்சியம் சோடியம் பாஸ்போசிலிகேட் உள்ளவை பல்லின் நுண்துளைகளை அடைக்கும். இரண்டுமே தினமும் இரண்டு வேளை பயன்படுத்தி 2 முதல் 4 வாரம் ஆன பிறகுதான் பலன் தெரியும். மூன்றாம் நாளே "இது உதவவில்லை" என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஸ்டானஸ் ஃப்ளூரைடு சிலருக்கு உலோகச் சுவையாகத் தெரியும், லேசாகக் கறையும் படியலாம். சுவை உறைப்பவர்கள் பொட்டாசியம் நைட்ரேட்டில் ஆரம்பிப்பது நல்லது. கூச்சத்துக்கான பேஸ்ட் எல்லாமே எஸ்.எல்.எஸ். இல்லாதது என்று நம்பிவிட வேண்டாம், அதையும் பின்பக்கத்தில் பாருங்கள்.

பேஸ்டின் அளவு பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் பிரஷ் முழுக்க நீளமாகப் பிழிந்து காட்டுவது பார்வைக்காக. குறைத்தாலே எரிச்சல் பாதியாகிவிடும் ஆட்கள் உண்டு. துலக்கி முடித்ததும் துப்புங்கள், ஆனால் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். ஃப்ளூரைடு பல்லில் கொஞ்ச நேரம் இருக்கட்டும். பேஸ்ட் எரிவதால் கொப்பளிக்காமல் இருக்கவே முடியவில்லை என்றால், அந்தப் பேஸ்ட் உங்களுக்கானது இல்லை.

சாலிசிலேட் பற்றி ஒரு விளக்கம்

ஃபைப்ரோமயால்ஜியா பற்றித் தேட ஆரம்பித்தால் "புதினா பேஸ்டைத் தொடவே தொடாதே" என்ற அறிவுரை சீக்கிரமே கண்ணில் படும். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பயப்பட வேண்டியதில்லை. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆர். பால் செயின்ட் அமண்ட் என்ற மருத்துவர், சளி இளக்கும் மருந்தான குவைஃபெனெசினை ஃபைப்ரோமயால்ஜியாவுக்குக் கொடுக்கும் ஒரு முறையை முன்வைத்தார். ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த, பல செடிகளிலும் இருக்கும் சாலிசிலேட் என்ற வேதிப்பொருள் உடம்பில் சேர்ந்தால் அந்த மருந்தை வேலை செய்யவிடாமல் தடுக்கும் என்பது அவர் கருத்து. அதனால் அந்த முறையைப் பின்பற்றுகிறவர்கள் புதினா எண்ணெய், வின்டர்கிரீன், மூலிகைச் சாறு சேர்த்த பேஸ்ட், மவுத்வாஷ், உதட்டுக் களிம்பு எல்லாவற்றையும் தவிர்ப்பார்கள். வின்டர்கிரீன் என்ற செடியின் எண்ணெய் பெரும்பாலும் மீதைல் சாலிசிலேட்தான்.

1990களில் ஆரிகனில், 40 பெண்களிடம் போலி மாத்திரையோடு ஒப்பிட்டு ஓராண்டு நடத்திய ஆய்வில் குவைஃபெனெசினால் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. அதில் சாலிசிலேட் சரியாகத் தவிர்க்கப்படவில்லை என்பது அந்த முறையை ஆதரிப்பவர்களின் பதில். என் அபிப்பிராயம் இது: நீங்கள் அந்த மருந்து முறையில் இல்லை என்றால், சாலிசிலேட்டுக்காகப் புதினாவை விட வேண்டிய கட்டாயம் இல்லை. எரிகிறது என்றால் எரிச்சலுக்காக விடுங்கள், அந்தக் காரணமே போதும். டாக்டரோடு பேசி அந்த முறையில் இருக்கிறீர்கள் என்றால், சுவையற்ற ஃப்ளூரைடு பேஸ்ட் இரண்டு தேவைக்கும் பொருந்தும். சாலிசிலேட் இல்லை என்று விற்கும் சில பேஸ்டுகளில் ஃப்ளூரைடும் இல்லாமல் இருக்கும், கவனம். ஆஸ்பிரின் சாப்பிட்டால் மூச்சிரைப்போ தடிப்போ வருகிறவர்கள் வேறு வகை. அவர்கள் வின்டர்கிரீன் விஷயத்தைத் தங்கள் டாக்டரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிரஷ்: கைக்கும் தாடைக்கும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள்

தலை சின்னதாக இருக்கட்டும். தாடை வலிப்பவர்களுக்கு இது முக்கியம். வாயைக் கொஞ்சம் திறந்தாலே கடைவாய்ப்பல் வரை போகும். இழை "சாஃப்ட்" அல்லது "எக்ஸ்ட்ரா சாஃப்ட்". கடினமான இழை நன்றாகச் சுத்தம் செய்யும் என்பது தவறு. அது ஈறைத் தேய்த்துப் பல்லின் வேரை வெளியே காட்டிவிடும், பிறகு கூச்சமும் சேர்ந்துகொள்ளும். குளிர் காலையில் இழையை ஒரு நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்தால் இன்னும் மிருதுவாகும். வாய்க்குள் போகும் தண்ணீரும் அதே வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

கைப்பிடி தடிமனாக இருந்தால் விரல்களை இறுக்கி மடக்க வேண்டியதில்லை. மெல்லிய கைப்பிடி உள்ள பிரஷ் ஏற்கெனவே வைத்திருந்தால் புதிதாக வாங்க வேண்டாம். நடுவில் துளையுள்ள நுரைக் குழாயை அதில் மாட்டிவிடலாம், அல்லது சின்னத் துணியைச் சுற்றி ரப்பர் பேண்டு போடலாம். பிடியை விரல் நுனிகளால் பேனா பிடிப்பதுபோல் பிடித்தால் தானாகவே அழுத்தம் குறையும். முழங்கையை வாஷ்பேசின் ஓரத்திலோ மேஜையிலோ ஊன்றிக்கொண்டால் தோள் தப்பிக்கும். நின்றுகொண்டேதான் துலக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள்.

எலக்ட்ரிக் பிரஷா, சாதாரண பிரஷா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-இல் வெளியிட்ட மதிப்பாய்வின்படி, மூன்று மாதத்துக்கு மேல் பயன்படுத்தும்போது எலக்ட்ரிக் பிரஷால் பல்லில் படியும் படலம் 21 சதவீதமும் ஈறு வீக்கம் 11 சதவீதமும் சாதாரண பிரஷைவிடக் கூடுதலாகக் குறைந்தன. மணிக்கட்டை அசைக்க வேண்டாம் என்பது நமக்குப் பெரிய லாபம். நல்ல மாடல்களில் அழுத்தினால் எச்சரிக்கும் வசதியும், 2 நிமிடம் ஆனதும் தானாக நிற்கும் வசதியும் இருக்கும். ஆனால் அந்த அதிர்வு சிலருக்குத் தாடை வழியாகத் தலைக்கே ஏறும். சத்தமும் தொல்லை. எடையும் சாதாரண பிரஷைவிடப் பல மடங்கு.

அதனால் விலை உயர்ந்ததை நேரடியாக வாங்கிவிட வேண்டாம். வீட்டில் யாராவது எலக்ட்ரிக் பிரஷ் வைத்திருந்தால் உங்களுக்கென்று ஒரு புதிய தலையை மட்டும் வாங்கி மாட்டி, சில நாள் அந்தக் கைப்பிடியில் முயன்று பாருங்கள். மென்மையான இழைத் தலை, குறைந்த வேக அமைப்பு இரண்டும் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். பிரஷைப் பல்லில் வைத்த பிறகு சுவிட்சைப் போடுங்கள், அப்போது முதல் அதிர்ச்சி குறையும். தேய்க்க வேண்டாம், பல்லுக்குப் பல் மெதுவாக நகர்த்தினால் போதும். ஒத்துவரவில்லை என்றால் வருத்தப்படாமல் சாதாரண பிரஷுக்குத் திரும்புங்கள். நன்றாகப் பயன்படுத்தினால் அதுவே போதும்.

மூன்று பக்கமும் இழையுள்ள பிரஷ் என்று ஒன்று உண்டு. பல்லின் உள்பக்கம், வெளிப்பக்கம், மேல்பக்கம் மூன்றையும் ஒரே நேரத்தில் துலக்கும். கை சீக்கிரம் சோர்ந்துவிடுகிறவர்களுக்குத் துலக்கும் நேரம் குறையும். நம் வட்டத்தில் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். எந்த பிரஷாக இருந்தாலும் 3 அல்லது 4 மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், இழை விரிந்துவிட்டால் அதற்கு முன்பே.

பல் இடுக்கு

விரலில் நூலைச் சுற்றி இழுக்கும் ஃப்ளாஸ் நம் விரல்களுக்குத் தண்டனை. நீளமான கைப்பிடியுள்ள ஃப்ளாஸ் பிக், அல்லது எல் வடிவக் கைப்பிடியுள்ள இடுக்கு பிரஷ் எளிது. இடுக்கு பிரஷில் பல அளவுகள் உண்டு, ஒருவர் வாயிலேயே வெவ்வேறு இடுக்குக்கு வெவ்வேறு அளவு தேவைப்படலாம். பல் டாக்டரிடம் ஒரு முறை அளந்து கேட்டுக்கொள்ளுங்கள். திணித்து நுழைக்கும்படி இருந்தால் அது பெரிய அளவு.

தண்ணீர் பீய்ச்சும் கருவி நல்ல மாற்று. மிகக் குறைந்த அழுத்தத்தில் வெதுவெதுப்பான தண்ணீரோடு ஆரம்பியுங்கள். கையில் பிடிக்கும் மாடலில் தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்து கனக்கும். மேஜையில் வைக்கும் மாடலில் குழாய் முனையை மட்டும் பிடித்தால் போதும். வாஷ்பேசினில் குனிந்து நிற்பது கழுத்தை வலிக்கச் செய்தால், குளிக்கும்போது பயன்படுத்துங்கள். தினமும் முடியவில்லை என்றால் வாரத்தில் சில நாள் செய்தாலும் லாபம்தான். ஆரம்பித்த புதிதில் ஈறில் கொஞ்சம் ரத்தம் வரும். இரண்டு வாரத்துக்கு மேலும் வந்தால் காட்டுங்கள்.

மவுத்வாஷ்

பெரும்பாலோருக்கு இது தேவையே இல்லை. வாங்குவதானால் ஆல்கஹால் இல்லாதது, ஃப்ளூரைடு உள்ளது. சில பழைய வகைகளில் ஆல்கஹால் 20 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். உலர்ந்த வாயில் அது நெருப்பு மாதிரி எரியும். துலக்கிய உடனே பயன்படுத்தாமல் வேறு நேரத்தில், மதியம் போல, பயன்படுத்துங்கள். பேஸ்டில் இருக்கும் ஃப்ளூரைடு மவுத்வாஷில் இருப்பதைவிட வலுவானது, அதைக் கழுவிவிட வேண்டாம். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி மவுத்வாஷ் டாக்டர் சொன்ன நாட்களுக்கு மட்டும். பல்லில் கறை படியும், சுவையும் மாறும். எரிச்சலுக்கு இதமாக ஏதாவது வேண்டுமென்றால் ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவைக் கலந்து கொப்பளிக்கலாம். இது அமிலத்தைத் தணிக்கும், விழுங்காமல் துப்பிவிடுங்கள்.

வாய் உலர்வுக்கான பொருள்கள்

உமிழ்நீருக்குப் பதிலாகப் போடும் ஜெல், ஸ்ப்ரே இரண்டும் கிடைக்கும். ராத்திரிக்கு ஜெல் நல்லது, அதிக நேரம் நிற்கும். ஸ்ப்ரேயில் ஒன்றைக் கவனியுங்கள். சிலவற்றில் எலுமிச்சை அமிலம் சேர்த்திருப்பார்கள். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரைய ஆரம்பிக்கும். சொந்தப் பல் இருப்பவர்கள் அமிலம் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். எச்சில் ஊறட்டும் என்று புளிப்பு மிட்டாய் சப்புவதும் அதே கதைதான்.

சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்லச் சொல்வார்கள். தாடை வலி உள்ளவர்களுக்கு அது சரிவராது. சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் சேர்த்த, கரையும் வகை மிட்டாயைப் பாருங்கள், மெல்லாமல் வாயில் வைத்துக்கொள்ளலாம். சைலிட்டால் அதிகமானால் வயிற்றுப்போக்கு வரும். குடல் கோளாறும் சேர்ந்திருப்பவர்கள் ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். நாய்களுக்கு அது விஷம்.

கண்ணும் சேர்ந்து உலர்ந்தால் மாத்திரையின் மேல் பழி போட்டுவிட்டு விடாதீர்கள். உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைப் பாதிக்கும் ஷோகிரன் நோய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வாய் எரிச்சல் விடாமல் இருந்தால் இரும்புச்சத்து, பி12 அளவு, பூஞ்சைத் தொற்று ஆகியவற்றையும் பார்க்கச் சொல்ல வேண்டும். எந்தப் பேஸ்டை மாற்றினாலும் இவை தீராது.

ராத்திரி பல்லைக் கடிக்கிறவர்களுக்கு

வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமாக்கும் காப்புத் தட்டுகள் கடையில் கிடைக்கும். தாடை வலி உள்ளவர்கள் அதைத் தாங்களாக வாங்க வேண்டாம். சரியாகப் பொருந்தாத தட்டு கடியை மாற்றி வலியைக் கூட்டிவிடலாம். பல் டாக்டரிடம் அச்செடுத்துச் செய்துகொள்ளுங்கள். தட்டைப் பேஸ்ட் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறல் விழும். வாசனையில்லாத சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் போதும்.

புதிய பொருளைச் சோதிக்கும் முறை

ஒரே நாளில் பேஸ்ட், பிரஷ், மவுத்வாஷ் எல்லாவற்றையும் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். ஒரு நேரத்தில் ஒன்று. சின்ன டியூபாக வாங்கி இரண்டு வாரம் பாருங்கள். கூச்சத்துக்கான பேஸ்ட் என்றால் நான்கு வாரம். வலி கூடியிருக்கும் நாட்களில் எதையும் புதிதாக ஆரம்பிக்காதீர்கள், அப்போது எது பட்டாலும் வலிக்கும், நல்ல பொருளின் மேல் வீண்பழி விழும். பழைய டியூபைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். உதடு வீங்கினால், தோல் உரிந்தால், புண் வந்தால் உடனே நிறுத்தி அந்த டியூபின் பொருள் பட்டியலைப் படம் எடுத்து வையுங்கள். அடுத்ததை வாங்கும்போது ஒப்பிட உதவும்.

மோசமான நாளுக்கு ஒரு ஏற்பாடு

தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா வையுங்கள். அதில் மென்மையான பிரஷ், சுவையற்ற பேஸ்ட், ஒரு கப், சில டிஷ்யூ, ஒரு பாட்டில் தண்ணீர். எழ முடியாத நாளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே, பிரஷில் மெல்லிய பூச்சாகப் பேஸ்டை வைத்துத் துலக்கிக் கப்பில் துப்பிவிடலாம். மேல் பற்களை இப்போது, கீழ்ப் பற்களை ஒரு மணி நேரம் கழித்து என்று பிரித்துக்கொண்டாலும் சரிதான். ஒரே ஒரு முறைதான் முடியும் என்றால் ராத்திரி துலக்குங்கள். தூங்கும்போது உமிழ்நீர் இன்னும் குறையும், அந்த நேரத்தில்தான் ஃப்ளூரைடின் பாதுகாப்பு அதிகம் வேண்டும்.

படுக்கப் போகிற நேரம் வரை தள்ளிப் போடாதீர்கள். அதற்குள் தெம்பு தீர்ந்துவிடும். இரவுச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரத்தில் துலக்கிவிட்டு, அப்புறம் தண்ணீர் மட்டும் குடியுங்கள். வாந்தியோ நெஞ்செரிச்சலோ வந்திருந்தால் உடனே துலக்காமல், தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள். துலக்காமல் தூங்கிப்போன இரவுக்காக உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். காலையில் தொடருங்கள்.

பல் டாக்டரிடம் போகும்போது

எல்லா வலியையும் ஃபைப்ரோமயால்ஜியாவின் கணக்கில் எழுதிவிடும் ஆபத்து நமக்கு உண்டு. குளிர் பட்டபின் அரை நிமிடத்துக்கு மேலும் நீடிக்கும் வலி, கடித்தால் ஒரே பல்லில் வலி, ஈறில் கொப்புளம், முக வீக்கம், காய்ச்சல், மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண் இவற்றுக்குப் பேஸ்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. வீக்கத்தோடு விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் அவசர சிகிச்சைக்குப் போங்கள். இதற்கு நேர்மாறானதும் நடக்கும். கன்னத்திலுள்ள மெல்லும் தசை இறுகினால் வலி கடைவாய்ப்பல்லில் இருப்பதாகத் தோன்றும். எக்ஸ்ரேயும் பரிசோதனையும் சரியாக இருந்து பல் மட்டும் வலித்தால், வேர்ச் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளும் முன் "இது தாடைத் தசையிலிருந்து வருகிறதா என்று பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள்.

மாத்திரைப் பட்டியலையும் நீங்கள் பயன்படுத்தும் பேஸ்டையும் கையோடு கொண்டுபோங்கள். உட்காரும் முன்பே சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும்: நேரம் குறைவாக இருக்கட்டும், வாயைத் திறந்து வைக்கக் கடிகட்டை வேண்டும், கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும். சுத்தம் செய்யும் கருவியின் அதிர்வு தாங்காது என்றால் கைக் கருவியால் செய்ய முடியுமா என்று கேட்கலாம். மெருகேற்றும் பேஸ்டிலும் புதினாவும் கரடுமுரடான துகளும் இருக்கும். மெல்லிய துகள் உள்ளது, சுவையற்றது இருக்கிறதா என்று கேளுங்கள். முடிக்கும்போது ஃப்ளூரைடு வார்னிஷ் பூசச் சொல்லுங்கள். சில நிமிட வேலைதான். அதில் சுமார் 22,600 பி.பி.எம். ஃப்ளூரைடு உண்டு, துலக்க முடியாமல் போகும் வாரங்களுக்கு அது ஒரு பிடிமானம். அந்த வார்னிஷ் பலவற்றில் மரப்பிசின் இருக்கும். பிளாஸ்திரி ஒட்டினால் தோல் தடிக்கும் உடம்பு உங்களுடையது என்றால் பூசுவதற்கு முன் அதையும் சொல்லிவிடுங்கள்.